தப்பிய குறியும் பட்ட குறியும்

வேட்டைக்காரர்கள் கூடிப் பேசும்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்வது பெரும்பாலும் ஒன்றைத்தான்: குறி தப்பிவிட்டது. நல்ல வெளிச்சம், கிட்டத்தில் நின்ற மான், சாய்ந்துகொள்ள வாகான மரம், எல்லாம் இருந்தும் தோட்டா எங்கோ போய்விட்டது என்று சொல்லித் தலைகுனிவார்கள். இத்தகைய கதைகளைப் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். அந்த வெட்கம் இடம் மாறி உட்கார்ந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. குறி சுத்தமாகத் தப்பினால் எவருக்கும் நட்டமில்லை. மான் ஓடிவிடுகிறது, நாளை வேறொரு புல்வெளியில் மேய்கிறது. வேட்டைக்காரன் நாண வேண்டியது, தோட்டா போய்ப் பட்ட சில தருணங்களுக்காக. படக்கூடாத உயிரில் பட்டது, உயிரைச் சட்டென்று முடிக்காத இடத்தில் பட்டது, பட்ட பிறகும் தேடாமல் விட்டது.

சட்டம் அனுமதிக்கும் இடத்தில், உரிமம் எடுத்து, பருவம் பார்த்துப் போகிறவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். திருட்டு வேட்டையைத் தவறு என்று மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அது குற்றம்.

மன்னிக்கத்தக்கவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மானுக்குக் கண்ணைவிட மூக்குதான் காவல். இதை அறியாத வேட்டைக்காரர் இல்லை. இருந்தும் காட்டில் இறங்கியதும் பலர் காற்றை மறந்துவிடுகிறார்கள். இலைநிற உடை, ஓசைப்படாத காலணி என்று எல்லா ஏற்பாடும் செய்துகொண்டு, காற்று முதுகில் அடிக்க நேராக நடப்பார்கள். ஆள் வருமுன்பே வாடை போய்ச் சேர்ந்துவிடும். மலைச்சரிவில் இது இன்னும் நுட்பமானது. வெயில் ஏறினால் சூடான காற்று சரிவின் வழியே மேலே எழும்பும். பொழுது சாய்ந்து குளிர்ந்தால் அதே காற்று பள்ளத்தை நோக்கி இறங்கும். காலையில் பொருத்தமாக இருந்த பரண், மாலையில் நம் வாடையைக் கீழே மேயும் கூட்டத்துக்கு நேராக அனுப்பிக்கொண்டிருக்கும்.

நிறத்தைப் பற்றிய தவறு வேறு விதம். ஆரஞ்சு மேலங்கி அணிந்தால் மான் பார்த்துவிடும் என்று பயந்து அதைப் பைக்குள் சுருட்டி வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நிறம் அறியும் கூம்புச் செல்கள் நம் கண்ணில் மூன்று வகை, மானின் கண்ணில் இரண்டு வகைதான். நமக்குப் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சு அதற்கு மங்கலான ஒரு நிறம். ஆனால் நீலமும் அதை ஒட்டிய புற ஊதாவும் அதற்கு நன்றாகவே தெரியும். பல சலவைத் தூள்களில் வெண்மை கூட்டச் சேர்க்கும் வேதிப்பொருள், புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக உமிழ்கிறது. ஆக, ஆரஞ்சைக் கழற்றிவிட்டு நன்றாகத் துவைத்த இலைநிறச் சட்டையோடு போகிறவர், மானுக்குத் தெரிந்தும் மனிதருக்குத் தெரியாமலும் காட்டில் நிற்கிறார். இதைவிடத் தலைகீழான ஏற்பாடு இருக்க முடியாது.

சரிவில் தூரம் கணக்கிடுவதும் பலரைக் கவிழ்க்கிறது. முப்பது டிகிரிச் சரிவில் 300 மீட்டர் தள்ளி நிற்கும் விலங்கை, ஏறக்குறைய 260 மீட்டரில் நிற்பதாக எண்ணித்தான் சுட வேண்டும். புவியீர்ப்பால் தோட்டா எவ்வளவு தாழும் என்பதைக் கிடைமட்டத் தூரம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. அதை மறந்தால் மேலே பார்த்துச் சுட்டாலும் கீழே பார்த்துச் சுட்டாலும் தோட்டா உயரத்தான் போகும். தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் உலோகத் தண்டான போல்ட்டைப் பாதுகாப்புக்காகக் கழற்றித் தனியே பூட்டி, அதை வீட்டிலேயே விட்டுவிட்டு, வெறும் குழலோடு விடியற்காலையில் காட்டில் வந்து நிற்கிறவர்களும் உண்டு. இவற்றில் எதற்கும் யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை. அன்றைய பொழுது போயிற்று, அவ்வளவுதான்.

பதற்றத்தை அப்படி ஒதுக்கிவிட முடியாது. விலங்கு கண்முன் வந்து நிற்கும்போது உடலில் அட்ரினலின் பாய்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பார்வை குறுகுகிறது, காது மந்தமாகிறது, விரல்கள் நுட்பமான வேலைக்கு உதவாமல் போகின்றன. ஒரு முறை எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்கு, ஓடைக்கு அப்பால் கொம்புள்ள கலைமான் தட்டுப்பட்டது. நாங்கள் சற்றுப் பின்னால் இருந்தோம். போல்ட்டை இழுத்துத் தள்ளும் ஓசை கேட்டது. மறுபடியும் கேட்டது. வெடிச் சத்தம் மட்டும் வரவில்லை. போய்ப் பார்த்தபோது அவர் முகமெல்லாம் வியர்வை. "நான்கு முறை சுட்டேன் ஐயா, ஒன்றுகூடப் படவில்லை" என்றார். அவர் காலடியில் ஈரப் புல்லுக்குள் நான்கு தோட்டாக்கள் கிடந்தன, வெடிக்காமல், முனை மழுங்காமல், பித்தளை பளபளக்க. விசையைத் தொடாமலே ஒவ்வொன்றாகக் குழலுக்குள் தள்ளித் தள்ளி வெளியே எடுத்திருக்கிறார். சுட்டதாகவே அவர் மனம் பதிவு செய்திருந்தது.

எங்களோடு இருந்த பெரியவர் குனிந்து தோட்டாக்களைப் பொறுக்கினார். ஒவ்வொன்றையும் சட்டையில் துடைத்து அந்த இளைஞரின் உள்ளங்கையில் வைத்தார். "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை தம்பி. உன் கையைப் பார். இந்தக் கையோடு நீ சுட்டிருந்தால்தான் வெட்கம்" என்றார். அவர் விரல்கள் அப்போதும் நடுங்கிக்கொண்டிருந்தன. நடுங்கும் கையால் சுட்ட தோட்டா நெஞ்சுக்கும் போகலாம், வயிற்றுக்கும் போகலாம், தாடைக்கும் போகலாம். தாடை உடைந்த மான் உடனே சாவதில்லை. தின்ன முடியாமல், குடிக்க முடியாமல் நாள்கணக்கில் அலையும். துப்பாக்கிமேல் பொருத்திய குறிநோக்கியான ஸ்கோப்பின் குறுக்குக்கோடு ஆடி அடங்காதவரை விரலை விசைமேல் வைக்கக் கூடாது என்று பெரியவர் எல்லோரையும் வற்புறுத்துவார். விலங்கு போனால் போகட்டும் என்பது அவர் கொள்கை. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

ஸ்கோப்பைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ரைபிளின் ஸ்கோப் குழலுக்கு மேலே, ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. கண் பார்ப்பது ஸ்கோப்பின் வழியே, தோட்டா போவது அதற்குக் கீழே உள்ள குழலின் வழியே. பாறைமேல் படுத்துக் குறிபார்க்கும்போது ஸ்கோப்பில் மான் மட்டும் துல்லியமாகத் தெரியும். குழலின் வாய்க்கு முன்னே ஒரு சாண் தூரத்தில் மேடிட்டிருக்கும் பாறை விளிம்பு தெரியவே தெரியாது. நண்பர் ஒருவர் அப்படிச் சுட்டதை அருகில் இருந்து பார்த்தேன். வெடிச்சத்தத்தோடு கல்தூள் முகத்தில் வந்து அடித்தது. பாறை விளிம்பில் விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கீறல், அதன் ஓரத்தில் ஈயம் தேய்ந்த சாம்பல் நிறத் தடம், சுற்றிலும் செம்புத் துணுக்குகள். மான் அசையாமல் நின்று பார்த்துவிட்டுப் போனது. வண்டியின் முன்மூடிமேல் துப்பாக்கியைச் சார்த்திச் சுடுகிறவர்கள் தங்கள் வண்டியையே துளைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான். பாறையில் பட்டுத் தெறிக்கும் தோட்டா எந்தத் திசையில் போகும் என்பது யாருக்கும் தெரியாது. அன்று எங்களில் ஒருவர் பக்கவாட்டில் நின்றிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். சுடுமுன் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்து, குழலின் வாயை ஒரு முறை நேராகப் பார்ப்பதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

துப்பாக்கியே வெடித்துவிடும் தவறுகளும் இருக்கின்றன. ரவைத் துப்பாக்கிக் குழலின் அகலத்தைக் கேஜ் என்ற எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் குழல் குறுகும். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிப் போய் முன்னால் சிக்கிக்கொள்ளும். குழல் காலியாக இருப்பதாக நினைத்துப் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். சட்டைப்பையில் இரண்டையும் கலந்து போட்டுக்கொண்டு வருகிறவரோடு நான் வேட்டைக்குப் போவதில்லை. விழுந்து எழுந்தபோது குழலின் வாயில் சேறு அடைத்திருக்கிறதா என்று பார்க்காதவரோடும் போவதில்லை.

இனி மன்னிக்கக் கடினமானவை. 2022-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஒரு பெண், ஓநாய்க்குட்டியைச் சுட்டதாகப் பெருமையோடு சமூக வலைத்தளத்தில் படம் போட்டார். படத்தில் இருந்தது யாரோ காட்டில் கைவிட்ட ஹஸ்கி வகை நாய். சுட்டு, தோலுரித்து, படமெடுத்துப் போடும்வரை அவருக்கு ஐயமே வரவில்லை. உலகம் முழுவதும் அவரைத் தூற்றியது. தூற்றியவர்களில் வேட்டைக்காரர்களும் இருந்தார்கள். அவரை மேலும் ஒரு முறை தூற்றுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவர் கண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் முக்கியம். ஓநாயைத் தேடிப் போன மனம், ஓநாய்போல் ஒன்று தெரிந்ததும் முடிவு செய்துவிட்டது. அதற்குப் பிறகு கண் பார்த்ததெல்லாம் அந்த முடிவுக்குச் சாட்சி தேடத்தான். காதின் வடிவம், வாலின் சுருள், கால்களின் நீளம் என்று எது எதிராகச் சாட்சி சொன்னாலும் அது காதில் ஏறாது.

அதே மொன்டானாவில் கருங்கரடி வேட்டைக்கு உரிமம் கேட்பவர்கள் கரடிகளை அடையாளம் காணும் தேர்வில் தேறியாக வேண்டும். பாதுகாக்கப்படும் கிரிஸ்லி கரடியைக் கருங்கரடி என்று நினைத்துச் சுட்டுவிடும் ஆபத்து அவ்வளவு உண்மையானது. நிறத்தை நம்பவே கூடாது. கருங்கரடி பழுப்பாகவும் இருக்கும், வெளிர்மஞ்சளாகவும் இருக்கும். கிரிஸ்லிக்கு உரிய அடையாளங்களைத் தேட வேண்டும்: தோளில் திமில் இருக்கிறதா, முகம் பக்கவாட்டில் குழிந்து தெரிகிறதா, காது குட்டையாக உருண்டிருக்கிறதா, முன்னங்கால் நகம் நீளமா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இந்தத் தேர்வு எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. நான் பார்த்ததை மறுக்கக்கூடிய அடையாளம் எது என்று தேடும் பழக்கத்தை அது ஊட்டுகிறது. ஒவ்வொரு விலங்குக்கும் அப்படி ஒரு தேர்வு வைத்தால் நான் எதிர்க்க மாட்டேன்.

அடையாளம் காண ஸ்கோப்பைப் பயன்படுத்துகிறவர்களை எங்கே பார்த்தாலும் நான் தடுக்கிறேன். புதரில் அசைவது என்ன என்று பார்க்கத் துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப்பை அதன்மேல் வைத்தால், அசைவது மனிதராக இருந்தால் தோட்டா ஏற்றிய குழல் அந்த மனிதரின் மார்பை நோக்கி நிற்கிறது. பைனாகுலர் எதற்கு இருக்கிறது? முதலில் அதில் பார்த்து, இன்ன விலங்கு என்று தெரிந்து, அதற்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா வெறும் வானம் இருக்கிறதா என்றும் தெரிந்த பிறகுதான் துப்பாக்கி தோளுக்கு வர வேண்டும். ரைபிள் தோட்டா தடுப்பார் இல்லாவிட்டால் மூன்று கிலோமீட்டருக்கும் அப்பால் போகும். மலைமுகட்டில் வானத்தைப் பின்புலமாக வைத்து நிற்கும் மான் படத்துக்கு அழகு, சுடுவதற்கு அல்ல.

மனிதர்மேல் பட்ட குறிகளில் உலகமே அறிந்தது 2006 பிப்ரவரி 11-ல் நடந்தது. அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் டிக் செய்னி, டெக்சாஸில் ஒரு பண்ணையில் காடை வேட்டைக்குப் போயிருந்தார். உடன் வந்த 78 வயது வழக்கறிஞர் ஒருவர் வீழ்ந்த பறவையைத் தேடப் பின்தங்கினார். மற்றவர்கள் அடுத்த காடைக்கூட்டத்தை நோக்கி நகர்ந்தார்கள். பறவை எழும்பியது. செய்னி அதைத் தொடர்ந்து திரும்பினார். எதிரே சாயும் சூரியன். 28 கேஜ் துப்பாக்கியின் ரவைகள் என்னும் சிறு குண்டுகள், ஏறக்குறைய 27 மீட்டர் தொலைவில் நின்ற வழக்கறிஞரின் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் பாய்ந்தன. அவர் ஆரஞ்சு உடைதான் அணிந்திருந்தார். ஒரு ரவை இதயத்தை எட்டியதில் சில நாட்களுக்குள் அவருக்கு லேசான மாரடைப்பும் வந்தது. உயிர் பிழைத்தார்.

பறவை வேட்டையில் வரிசையாக நடக்கும்போது ஒவ்வொருவருக்கும் தமக்கு முன்னால் ஒரு கோணம் ஒதுக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டிப் பறவை போனால் துப்பாக்கியை இறக்கிவிட வேண்டும். வரிசையில் ஒருவர் குறைந்தால், அவர் எங்கே என்று தெரியும்வரை எவரும் சுடக் கூடாது. பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லித் தருவது இது. பல ஆண்டு அனுபவமுள்ளவர் இதை மீறினார் என்பது எனக்கு வியப்பில்லை. பறந்து செல்லும் பறவையோடு துப்பாக்கியும் தோளும் சேர்ந்து சுழலும் வேகத்தில் கண்ணில் பறவை மட்டும்தான் இருக்கும். எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு நடந்தது. செய்தி மறுநாள்தான் வெளியே வந்தது. பண்ணைத் தரப்பு முதலில் சொன்ன விவரமோ, வழக்கறிஞர் தாம் வருவதைக் குரல் கொடுத்துச் சொல்லவில்லை என்று பழியைச் சுடப்பட்டவர் பக்கம் சாய்த்தது. செய்னி தொலைக்காட்சியில் தோன்றி, விசையை அழுத்தியது தாமே, பொறுப்பும் தம்முடையதே என்று சொன்னது பிப்ரவரி 15-ல். அந்த ஒரு வாக்கியத்தை அன்றே சொல்லியிருக்கலாம். துப்பாக்கியைக் கையில் வைத்திருந்தவர் எவரோ அவரே பொறுப்பு என்பதற்கு வேட்டையில் விலக்கே கிடையாது.

இவையெல்லாம் அரிதானவை. நாள்தோறும் நடந்தும் செய்தியில் வராத தவறு வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். குறி தப்பிவிட்டது என்று தலைகுனிகிறார்களே, அவற்றில் பல தப்பியவையே அல்ல. நுரையீரலில் தோட்டா வாங்கிய மான்கூட ஒன்றும் நடக்காததுபோல் நூறு மீட்டருக்கு மேல் ஓடும். காயத்தின் வாய் மேலே இருந்தால் இரத்தம் முதலில் உள்ளேயே தேங்கும், பல தப்படி கடந்த பிறகுதான் தரையில் சொட்டும். சுட்டவர் நின்ற இடத்திலிருந்தே எட்டிப் பார்த்து, இரத்தம் இல்லை, தப்பிவிட்டது என்று திரும்பிவிடுகிறார். மான் அடுத்த புதருக்குப் பின்னால் படுத்திருக்கிறது. குறி தப்பியது என்று சொல்லும் உரிமை, விலங்கு நின்ற இடத்துக்குப் போய் மண்டியிட்டுத் தேடி, அது ஓடிய வழியே வெகுதூரம் நடந்து பார்த்தவருக்குத்தான் உண்டு.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே எளிதல்ல. பரணிலிருந்து பார்த்தபோது தெளிவாகத் தெரிந்த புதர், இறங்கி வந்தால் பத்துப் புதர்களில் ஒன்றாகிவிடும். ஆகவே சுட்டதும் இறங்கக் கூடாது. விலங்கு நின்ற இடத்தையும் கடைசியாகக் கண்ணிலிருந்து மறைந்த இடத்தையும் ஏதாவது ஒரு மரத்தோடு, ஒரு கல்லோடு பொருத்தி மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இறங்கிப் போனதும் அங்கே ஒரு துணிநாடா கட்ட வேண்டும். பிறகு தரை பேசும். நுரை கலந்த வெளிர்சிவப்பு என்றால் நுரையீரல். கருஞ்சிவப்பு என்றால் பெரும்பாலும் கல்லீரல். பச்சையும் பழுப்புமாக, செரிக்காத புல்லின் நாற்றத்தோடு இருந்தால் வயிறு. நுரையீரலுக்கு அரைமணி காத்தால் போதும். கல்லீரலுக்குச் சில மணி நேரம். வயிற்றில் பட்டதென்றால், மழையோ கடும் வெயிலோ இல்லாவிட்டால் அரைநாள்கூடக் காக்க வேண்டும். காயப்பட்ட விலங்கை யாரும் துரத்தாவிட்டால் விரைவிலேயே படுத்துவிடும். துரத்தினால் எழுந்து, இருக்கும் உயிரையெல்லாம் கால்களில் திரட்டிக்கொண்டு ஓடும்.

ஒரு குழு அப்படித் துரத்தியதன் விளைவை நான் பார்த்திருக்கிறேன். மாலையில் சுட்டார்கள், ஆரவாரத்தோடு பின்னாலேயே ஓடினார்கள், இருட்டியதும் திரும்பிவிட்டார்கள். மறுநாள் தேடப் போனவர்களோடு நானும் போனேன். சுட்ட இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் புல் வட்டமாக அழுந்திக் கிடந்தது. நடுவில் காய்ந்து கறுத்த இரத்தம், அதில் ஒட்டிய மயிர்கள், ஒரு பக்கம் குளம்பு ஊன்றி எழுந்த ஆழமான பள்ளம். அங்கேயே படுத்திருக்கிறது. சற்றுப் பொறுத்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆள் சத்தம் கேட்டு எழுந்து, ஓடையைக் கடந்து, மறுகரை மேட்டிலும் ஏறியிருக்கிறது. நாங்கள் கண்டபோது இரவே இறந்திருந்தது. இறைச்சியும் எதற்கும் உதவவில்லை. சுட்டவர் பக்கத்தில் நின்று வெகுநேரம் பேசவில்லை. அவர்மேல் எனக்கு அப்போது கோபம் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஜெர்மனியில் காயப்பட்ட விலங்கைத் தேடுவதைத் தனிமனிதரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடவில்லை. அது சட்டப்படியான கடமை. பழைய இரத்தத்தடத்தைக் கயிற்றில் நடந்தபடியே மோப்பம் பிடிக்கப் பழக்கிய ஹனோவர், பவேரிய மலை இன நாய்களும் அவற்றை நடத்துகிறவர்களும் இதற்கென்றே இருக்கிறார்கள். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றில் வேட்டைக்கு அழைத்துச் செல்பவர்கள், காயப்பட்டுத் தப்பிய விலங்குக்கும் கொன்றதற்கு உரிய முழுக் கட்டணத்தையே வாங்குகிறார்கள். வேறு இடங்களிலும் தாமாகவே இதைக் கடைப்பிடிக்கும் சிலரை அறிவேன். காயப்படுத்திய மான் கிடைக்காவிட்டால், அந்தப் பருவத்துக்கு உரிய தங்கள் ஒரு மான் தீர்ந்துவிட்டதாகக் கணக்கு வைத்து, உரிமச்சீட்டை மடித்துவிட்டுத் துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். எந்த அதிகாரியும் அவர்களைக் கேட்கப்போவதில்லை. இதை உரிமத்தின் நிபந்தனையாகவே எல்லா நாடுகளும் எழுதிவைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒருவரின் வேட்டை முடிந்துபோனாலும் சரி.